சாயங்காலம் ஆறு மணிக்கு டூட்டிக்குக் கெளம்புற அப்பா

போன இதழ்ல மூட்டுவலி பத்தி எழுதிட்டு கடைசியில ஒரே ஒரு வரி, வீட்டுல முதுமை மறதி உள்ளவங்கள வச்சுப் பாக்குறவங்க எழுதுங்கன்னு போட்டேன், அவ்வளவுதான், கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குமிஞ்சிருச்சு. அதுல ஆச்சரியம் ஒன்னும் இல்ல. 2013ல ஐஎம்எச், அதாவது சிங்கப்பூர் மனநலக் கழகம், செஞ்ச ஆய்வுல இங்க 60 வயசுக்கு மேல பத்துல ஒருத்தருக்கு டிமென்ஷியா இருக்குன்னு வந்துச்சு, பத்து வருசம் கழிச்சு திரும்பப் பாத்தப்ப 8.8 சதவீதம்னு கொஞ்சம் எறங்கியிருக்கு, ஆனா வயசானவங்க எண்ணிக்கையே ஏறிக்கிட்டு போறப்ப நம்ம வீட்டுல ஒன்னும் கொறையல. நான் வார்டுல நர்ஸா இருந்தவ, அப்புறம் மாமனார ஏழு வருசம் வீட்டுல வச்சுப் பாத்தவ. டாக்டர் இல்ல, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

அக்கா, எங்கப்பாவுக்கு 81 வயசு. ஹார்பர்ல கிரேன் ஓட்டினவரு. ரெண்டு வருசமா டிமென்ஷியா. பகல்ல சாதுவா இருப்பாரு, சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், பையத் தேடுறாரு, டூட்டிக்கு லேட்டாச்சுன்னு கேட்டப் புடிச்சு ஆட்டுறாரு. நீங்க ரிட்டையர் ஆகி இருபது வருசம் ஆச்சுப்பான்னு சொன்னா கைய ஓங்குறாரு, போன வாரம் என் மகன அறைஞ்சிட்டாரு. டாக்டர் குவெட்டியாபின் 25 மி.கி.ல பாதி ராத்திரிக்கு குடுக்கச் சொன்னாரு. அடங்கல, நானா முழு மாத்திரை குடுத்தேன், மறுநாள் பாத்ரூம் போறப்ப விழுந்துட்டாரு. இன்னும் கூட்டலாமா, வேற மாத்திரை கேக்கலாமா? (யீஷூன்)

கூட்டாதீங்கம்மா. நீங்களா கூட்டினத டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, திட்டமாட்டாங்க, திட்டினாலும் பரவாயில்ல. அந்த மாத்திரை தூக்கத்தக் குடுக்கும், கூடவே உக்காந்து எந்திரிக்கிறப்ப பிரஷர எறக்கிவிடும், 81 வயசுல கால் நிக்காது. விழுந்தப்ப தலையில அடிபட்டுச்சா, ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை எடுக்குறாரா, இந்த ரெண்டுல ஒன்னுக்கு ஆமான்னா இன்னிக்கே காட்டிடுங்க, அப்புறம் வந்து மீதியப் படிங்க.

இப்ப அந்த ஆறு மணி. அப்பா ஹார்பர்ல எந்த ஷிப்ட் பாத்தாருன்னு நீங்க எழுதல. ராத்திரி ஷிப்ட்டா இருந்திருந்தா அவரு உங்கள அடிக்கக் கெளம்பல, வேலைக்குக் கெளம்புறாரு. முப்பது வருசம் அந்த நேரத்துக்கு சட்டை மாத்தி பையத் தூக்கின உடம்பு அது, மூளை நேத்து நடந்தத மறந்துட்டு பழசத்தான் புடிச்சு வச்சிருக்கு. அந்த நேரத்துல ஒரு பொண்ணு வந்து உனக்கு வேலையே இல்லன்னு சொன்னா எந்த மனுசனுக்குத்தான் கோவம் வராது?

என் மாமனாரு அந்தக் காலத்து பஸ் கண்டக்டர். இருட்டுனா எங்க வீட்டு ஹால்ல டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சிடுவாரு. பேரங்காடி ரசீத பட்டை பட்டையா கிழிச்சு, ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து எங்க எறங்கணும்னு கேப்பாரு. மொதல்ல நாங்களும் மாமா இது வீடு மாமான்னு மல்லுக்கட்டுனோம், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சண்டை. ஒரு நாள் என் சின்ன மக, அப்ப அவளுக்கு ஒம்பது வயசு, தேக்காவுக்கு ஒன்னு குடுங்க தாத்தான்னு அஞ்சு காச நீட்டினா. அவரு ஒரு துண்டக் கிழிச்சுக் குடுத்து, உள்ள போ உள்ள போ, வாசல்ல நிக்காதன்னு சொல்லிட்டு போய் உக்காந்துட்டாரு. அதுக்கப்புறம் நாங்க எல்லாருமே டிக்கெட் வாங்க ஆரம்பிச்சோம், ரசீத தூக்கிப் போடாம ஒரு டப்பாவுல சேத்து வச்சோம்.

அதனால கேட்டத் தொறந்து அப்பாகூட போங்க. பையக் குடுங்க, உள்ள ஒரு தண்ணி போத்தல், ஒரு துண்டு போதும். லிப்ட்ல எறங்கி, புளோக்குக் கீழ தெறந்து கெடக்குற வாய்ட் டெக்க சுத்தி, கோப்பிக்கடை வரைக்கும் நடந்து, ஒரு கோப்பி ஓ கொசோங் வாங்கிக் குடுத்து (பாலும் சக்கரையும் இல்லாத கோப்பி, கொஞ்சமா, ராத்திரி தூக்கம் போகக் கூடாது), திரும்பக் கூட்டிட்டு வாங்க. ஷிப்ட் முடிஞ்சிருச்சுப்பான்னு சொன்னா பாதி நாள் ஒத்துக்குவாரு. இது பொய் இல்லையான்னு கேப்பீங்க. பொய்தான். அவரோட பயத்தக் கொறைக்குற பொய், உங்க வசதிக்காக சொல்ற பொய் இல்ல, நான் அப்படித்தான் கணக்குப் போட்டுக்கிட்டேன்.

சாயங்காலம் ஏன் முத்துதுன்னா, பகல் முழுக்க மூளை சமாளிச்சு சமாளிச்சு களைச்சுப் போயிருக்கும், நெழல் விழும், பசிக்கும். நம்ம ஊர்ல வருசம் முழுக்க ஏழு மணி வாக்குல இருட்டிடுது, அதனால ஆறுக்கு முன்னாடியே எல்லா லைட்டும் போடுங்க, ஜன்னலுக்கு திரைய இழுத்து விடுங்க. ராத்திரி கண்ணாடியில தெரியுற தன் உருவத்தையே வேற ஆள் வந்து நிக்கிறான்னு நெனச்சு சண்டைக்குப் போனவங்கள நானே பாத்திருக்கேன். சாப்பாட ஆறரைக்கு முன்னாடியே போட்டுடுங்க. மதியம் ரெண்டு மணி நேரம் தூங்குறார்னா அரை மணியா கொறைங்க.

இதெல்லாம் செஞ்சும் அடங்கலன்னா, அவருக்கு எங்கயாவது வலியோ வேற தொந்தரவோ இருக்கலாம். வாயால சொல்லத் தெரியல, கையால சொல்றாரு. பல்லு, முட்டி, மலச்சிக்கல், சிறுநீர் பிரச்சினை, காது மெஷின்ல பேட்டரி தீந்தது. எங்க வார்டுல ஒரு பாட்டி குளிக்க வைக்கப் போறப்பல்லாம் கடிப்பாங்க, எல்லாரும் அவங்கள முரட்டுப் பாட்டின்னே கூப்புட்டோம், கடைசியில பாத்தா தோள் மூட்டு இறுகிப்போயிருந்துச்சு, கையத் தூக்கவிட்டா உயிர் போற வலி. அதுக்கு ஒத்தடமும் பாரசிட்டமாலும் குடுத்தப்புறம் அந்தப் பாட்டி பாட்டு பாடிக்கிட்டே குளிச்சாங்க.

ஒரு நோட்டு போடுங்க, பத்து வெள்ளி நோட்டு இல்ல, எழுதுற நோட்டு. என்ன நேரம், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, என்ன செஞ்சாரு, எது பண்ணினா அடங்குச்சு, மலம் போய் எத்தன நாளாச்சு. ரெண்டு வாரம் எழுதிட்டு டாக்டர்கிட்ட நீட்டுங்க. ரொம்ப அடிக்கிறாரு டாக்டர்னு சொன்னா மாத்திரைதான் எழுதுவாரு, வேற என்ன செய்வாரு பாவம், பதினஞ்சு நிமிசத்துல.

இன்னொன்னு. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவரு ஒரே நாள்ல, ரெண்டே நாள்ல அப்படியே மாறிட்டாரு, பொழுதுக்கும் தூங்குறாரு இல்ல பொழுதுக்கும் கத்துறாருன்னா அது டிமென்ஷியா முத்தினது இல்ல. டெலிரியம், திடீர்னு வர்ற மூளைக் குழப்பம். இன்பெக்‌ஷன், தண்ணி வத்தினது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, பெரும்பாலும் இந்த மாதிரி ஏதாவது ஒன்னு இருக்கும். அன்னிக்கே ஆஸ்பத்திரி.

குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மாதிரி மாத்திரைய நான் எதுக்கவே மாட்டேன்னு நெனைக்காதீங்க. அடிதடி ஆகி அவருக்கோ பேரப்புள்ளைக்கோ ஆபத்துன்ற நெலமையில அது வேணும். ஆனா 2005லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை விட்டிருக்கு: 17 ஆய்வச் சேத்துப் பாத்தப்ப, பத்து வார வாக்குல இந்த வகை மருந்து எடுத்த டிமென்ஷியா முதியவங்கள்ல 4.5 சதவீதம் பேர் எறந்திருக்காங்க, சும்மா மாவு மாத்திரை எடுத்தவங்கள்ல 2.6. அதனால கம்மி அளவு, கொஞ்ச நாள், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை இது இன்னும் வேணுமான்னு டாக்டர்கிட்ட நீங்களே வாயத் தொறந்து கேக்கணும். கேக்கலன்னா அது பாட்டுக்கு ரீபில் ஆகிக்கிட்டே வருசக்கணக்குல ஓடும். அப்புறம் அப்பாவுக்கு சின்னப் புள்ளைங்க, பூனை, நாய்னு இல்லாததெல்லாம் தெளிவா தெரியுது, நடை வெறைச்சுப் போச்சு, தூக்கத்துல கையக் கால ஒதறுறாரு, இந்த மூனுல ஏதாவது இருந்தா, லூயி பாடின்னு டிமென்ஷியாவுலயே ஒரு வகை இருக்கு, அதுவான்னு கேளுங்க. அந்த வகைக்கு ஹாலோபெரிடால் மாதிரி ஊசி ரொம்ப ஆபத்து, அவசரப் பிரிவுக்குப் போனா ஆள் உள்ள போறதுக்கு முன்னாடி இத சொல்லணும்.

என் மாமியாருக்கு 78. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், ஞாபக மாத்திரைன்னு ஒரு நாளைக்கு பதினொன்னு. வாயில போட்டா துப்புறாங்க, போன வாரம் துளசிச் செடி தொட்டியில இருந்து ஆறு மாத்திரை எடுத்தேன். இப்ப எல்லாத்தையும் ஒன்னா இடிச்சு வாழப்பழத்துல பெசஞ்சு குடுக்குறேன், சாப்பிட்டுடுறாங்க. தப்பு இல்லையே? (தெம்பனிஸ்)

துளசிக்கு பிரஷர் கொறைஞ்சிருக்கும்.

இடிக்கிறத இன்னிக்கே நிறுத்துங்க, மாத்திரை அட்டைய எல்லாம் மேசையில கொட்டி பேரோட கடைசி எழுத்தப் பாருங்க. எக்ஸ்ஆர், எஸ்ஆர், எம்ஆர், சிஆர், எல்ஏ, இதுல எது இருந்தாலும் அது நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா கரையுறதுக்காக செஞ்சது. நீங்க உலக்கையில ஒரு போடு போட்டா 24 மணி நேரத்து மருந்து ஒரே மணி நேரத்துல உள்ள போகும். பிரஷர் மாத்திரைன்னா தலை சுத்தி விழுவாங்க, சுகர் மாத்திரைன்னா கேக்கவே வேணாம். வயித்துப் புண்ணுக்கு குடுக்குற ஒமெப்ரசோல் மாதிரி உறை போட்டதையும் இடிக்கக் கூடாது, வயித்து அமிலத்துலயே கெட்டுப்போயிடும். பாலிகிளினிக் மருந்தகத்துல பட்டியலக் காட்டி எதெது உடைக்கலாம், எது தண்ணி மருந்தா கெடைக்கும், எத ஒட்டுற பட்டையா மாத்தலாம்னு கேளுங்க, அதுக்குத்தான் அங்க பார்மசிஸ்ட் உக்காந்திருக்காங்க, நாமதான் நம்பர் வந்ததும் பைய வாங்கிட்டு ஓடி வந்துடுறோம்.

அதவிட பெரிய கேள்வி, பதினொன்னும் வேணுமா? பத்து வருசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது எல்லாம் இப்பவும் ஓடிக்கிட்டு இருக்கும். 78 வயசுல டிமென்ஷியாவும் இருக்குறவங்களுக்கு சுகர அவ்வளவு இறுக்கிப் புடிக்க வேண்டியதில்ல, தாழ்சுகர்தான் அதிக ஆபத்துன்னு இப்ப டாக்டருங்களே சொல்றாங்க. எத எடுக்கலாம், எத ஒரு வேளைக்கு மாத்தலாம்னு கேட்டா பதினொன்னு ஆறோ ஏழோ ஆகலாம். ஆறு மாத்திரைக்கு சண்டை போடுறதும் பதினொன்னுக்கு போடுறதும் ஒன்னில்ல.

சுகர் விசயத்துல மட்டும் உசாரா இருங்க. கிளிபிசைடு, கிளிக்ளசைடு, இன்சுலின், இதுல ஏதாவது போகுதுன்னா, அவங்க சாப்பிடாத வேளையில என்ன பண்ணணும்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே எழுதி வாங்கி வைங்க. மருந்தக் குடுத்துட்டோம், அவங்க இட்லிய தள்ளிட்டாங்கன்னா சுகர் எறங்கும், வேர்க்கும், ஒளறுவாங்க, எரிஞ்சு விழுவாங்க. இன்னிக்கு டிமென்ஷியா ஜாஸ்தியா இருக்குன்னு நாம நெனச்சுப்போம். அந்த நேரத்துல விரல்ல ஒரு குத்து குத்தி மீட்டர்ல பாத்துடுங்க. மெட்பார்மின் வருசக்கணக்கா எடுக்குறவங்கன்னா பி12 அளவும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, அது கொறைஞ்சாலும் ஞாபகம் மங்கும், அது சரி பண்ணக்கூடியது.

வாழப்பழத்துல வச்சுக் குடுக்குறது தப்பான்னா, ஒரு மாத்திரைய, இதுல மாத்திரை இருக்கு அத்தன்னு சொல்லிட்டு குடுத்தா தப்பே இல்ல. ஒளிச்சு வச்சுத்தான் குடுக்கணும்னு நெலம வந்தா அத நீங்களா முடிவு பண்ணாதீங்க, டாக்டரும் குடும்பத்துல மத்தவங்களும் தெரிஞ்சு செய்யணும். முழுங்குறப்ப இருமுறாங்கன்னா அது புடிவாதம் இல்ல, முழுங்க முடியல, ஸ்பீச் தெரபிஸ்ட்ட பாருங்க. துப்புனா உடனே திரும்பத் திணிக்காதீங்க, இருபது நிமிசம் கழிச்சு வேற ஆள் போய் குடுத்தா வாங்கிக்குவாங்க, இது ஏன்னு எனக்கும் புரியல, ஆனா வார்டுல பாதி நாள் அப்படித்தான் வேலை நடந்துச்சு. காலைல குடுத்தோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா ரெட்டிப்பா குடுக்கவே கூடாது.

ஞாபகத்துக்கு டொனெபெசில் ஆரம்பிச்சு மூனு மாசம். ஒரு மாத்தமும் இல்ல, கெட்ட கனவு கண்டு அலறுறாங்க அம்மா. நிறுத்திடவா? (ஜூரோங்)

அது போன ஞாபகத்தத் திருப்பிக் கொண்டு வராது, இருக்குறத கொஞ்ச காலம் புடிச்சு வைக்கும், சிலருக்கு அதுவும் இல்ல. கனவுதான் தொந்தரவுன்னா ராத்திரி மாத்திரைய காலைக்கு மாத்தலாமான்னு கேளுங்க, சிலருக்கு அதுலயே சரியாகும். வயித்துப்போக்கு, பசியில்லாம எடை கொறையிறது, மயக்கம் வருதான்னு பாருங்க. மயக்கம்னா சும்மா விடாதீங்க, இந்த மாத்திரை நாடித் துடிப்ப மெதுவாக்கும், கூடவே அட்டெனலால் பிசோப்ரலால் மாதிரி எதாவது ஓடுதுன்னா இன்னும் மெதுவாகும். டாக்டர்கிட்ட கேக்காம திடீர்னு நிறுத்தாதீங்க. இதே மருந்து வகையில ரிவாஸ்டிக்மின்னு தோல்ல ஒட்டுறது ஒன்னு இருக்கு, அதுக்கு மாறினா பழைய பட்டைய உரிச்சுட்டுத்தான் புதுசு ஒட்டணும், முதுகுல மூனு பட்டையோட வாந்தி எடுத்துக்கிட்டு வந்த ஒரு ஆச்சிய எனக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு புள்ளை ஒட்டிவிட்டிருக்கு.

என் அம்மா, தன் ரெட்டை வடச் சங்கிலிய ஹெல்பர் திருடிட்டான்னு தெனம் கத்துறாங்க. அவ மியன்மார்காரி, நல்ல பொண்ணு, அழுதுக்கிட்டு ஊருக்கே போறேன்றா. சங்கிலி பேங்க் லாக்கர்ல இருக்கு. படம் எடுத்துக் காட்டியும் நம்பமாட்டேன்றாங்க. (பிடோக்)

படம் காட்டாதீங்க, அதுல நீங்களும் திருட்டுக்குக் கூட்டுன்னு ஆயிடும். அவங்களுக்கு கழுத்து வெறுமையா இருக்கு, அது உண்மை. எங்க வச்சோம்னு ஞாபகம் இல்ல, அப்ப யாரோ எடுத்துட்டாங்க, வீட்டுல புது ஆள் யாரு? இதுதான் கணக்கு. ஐயய்யோ சங்கிலியக் காணமா, வாம்மா தேடுவோம்னு கூடவே தேடுங்க, தேடத் தேட பேச்ச மாத்துங்க, இது எந்தக் கல்யாணத்துக்கு வாங்குனதும்மான்னு கேளுங்க. தேக்காவுல அதே மாதிரி கவரிங் சங்கிலி ரெண்டு வாங்கி வச்சுக்குங்க, ஒன்னு கழுத்துல, ஒன்னு தலையணை உறைக்குள்ள போறதுக்கு. ஒளிச்சு வைக்கிற எடம் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மூனுதான் இருக்கும், அரிசி டப்பா, சாமி மாடம், குளிர்சாதனப் பெட்டியில முட்டை வைக்கிற எடம், அது புடிபட்டுச்சுன்னா பாதி சண்டை தீந்துச்சு.

அந்தப் பொண்ணுக்கு இது நோய், உன் மேல சந்தேகம் இல்லன்னு நீங்க ஒக்காந்து சொல்லணும், ஒரு தடவை இல்ல, வாராவாரம். அவளுக்கு லீவு குடுக்குறீங்களா? 2023 ஜனவரியில இருந்து மாசத்துக்கு ஒரு நாளாவது காசு குடுத்து ஈடு கட்ட முடியாத ஓய்வு நாள் குடுத்தே ஆகணும், அது சட்டம். டிமென்ஷியா உள்ளவங்கள பாக்குறவளுக்கு ஒரு நாள் எப்படிப் பத்தும்னு நீங்களே யோசிங்க.

அம்மாவுக்கு முன்ன இங்கிலீஷ், மலாய் எல்லாம் வந்திருக்கும், இப்ப தமிழ் மட்டும்தான் மிஞ்சியிருக்கும், கடைசியா கத்துக்கிட்டதுதான் பெரும்பாலும் மொதல்ல போகும். அந்தப் பொண்ணுக்கு இருபது வார்த்தை சொல்லிக் குடுங்க: தண்ணி, வலி, பசி, ஒன்னுக்கு, குளிருது, வீட்டுக்குப் போலாம், சாப்டீங்களா பாட்டி. அவ எழுத்துல அவளே எழுதி அடுப்படியில ஒட்டிக்கட்டும். எங்க வீட்டு ஹெல்பர் என் மாமனார மாமா மாமான்னு கூப்புட ஆரம்பிச்சப்புறம் அவரு அவகிட்ட டிக்கெட்டுக்கு காசே வாங்கமாட்டாரு.

ஊர்ல இருந்து வல்லாரை லேகியமும், கடையில ஜின்கோ மாத்திரையும் வாங்கித் தர்றாரு அண்ணன். குடுக்கலாமா? (உட்லண்ட்ஸ்)

வல்லாரைக் கீரைய துவையலா அரைச்சுக் குடுங்க, நல்லாருக்கும், டிமென்ஷியாவ அது சரி பண்ணாது. பேர் ஒட்டாத லேகியம் வேணாம், சில மருந்துல ஈயம், பாதரசம் கலந்திருக்கும். ஜின்கோவ ஆஸ்பிரின், வார்பரின் கூட சேத்தா ரத்தக்கசிவு வரலாம். அண்ணனுக்கு ஏதாவது செய்யணும்னு தோணுனா சனிக்கிழமை வந்து நாலு மணி நேரம் அம்மாகூட ஒக்காரச் சொல்லுங்க.

என் கணவர் ரெண்டு தடவை காணாமப் போயிட்டாரு. அப்புறம், பின்னாடி நமக்காக முடிவெடுக்க ஒருத்தர இப்பவே நியமிக்கிற பத்திரம், எல்பிஏ, போடணும்னு சொல்றாங்க, இப்ப போட முடியுமா? (தோ பாயோ)

டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு சேஃப் ரிட்டர்ன் கார்டு குடுக்குது, காரான்னு ஒரு ஆப்பும் இருக்கு, ரெண்டையும் வாங்கிடுங்க. காணோம்னா 24 மணி நேரம் காத்திருக்கணும்ன்றதெல்லாம் சினிமாவுல, உடனே 999. தெனம் காலைல சட்டை போட்டதும் போன்ல ஒரு படம் எடுத்து வச்சா என்ன கலர் சட்டைன்னு தடுமாற வேண்டியதில்ல. வெளிய இருந்து பூட்டிட்டுப் போறது மட்டும் வேணாம், தீப்புடிச்சா என்னாகும்.

எல்பிஏ, நோய் இருக்குன்றதாலேயே முடியாதுன்னு இல்ல. தான் என்ன கையெழுத்துப் போடுறோம், யாருக்கு அதிகாரம் குடுக்குறோம்னு அவருக்குப் புரியணும், அங்கீகாரம் உள்ள டாக்டரோ வக்கீலோ அத பாத்துச் சொல்லணும். சிங்பாஸ் வழியா ஆன்லைன்லயே போடலாம். புரியாத நெலம வந்துட்டா அப்புறம் நீங்க கோர்ட்டுக்குப் போய் அவருக்காக முடிவெடுக்குற டெபுட்டி ஆகணும், மாசக்கணக்குல ஆகும், செலவும் ஜாஸ்தி. அதனால அவரு தெளிவா இருக்குற காலை நேரமா பாத்து இந்த மாசமே போங்க. நீங்களும் உங்களுக்கு ஒன்னு போட்டு வைங்க, 21 வயசு ஆன யாரும் போடலாம்.

பேர் போடாதீங்க. அம்மா ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சா நாலு வரைக்கும் நடக்குறாங்க. நான் காலைல ஆறரைக்கு வேலைக்குப் போகணும். மூனு வாரமா என் சளிக்கு டாக்டர் குடுத்த மாத்திரைய, தூக்கம் வரும்னு போட்டிருந்துச்சு, அதுல ஒன்ன அம்மாவுக்குக் குடுத்துத் தூங்க வைக்கிறேன். அவங்களுக்காக இல்ல, நான் தூங்குறதுக்காக. இத யார்கிட்டயும் சொன்னதில்ல.

என்கிட்ட சொன்னீங்களே, அது போதும். நானும் குடுத்திருக்கேன்.

நர்ஸா இருபது வருசம் வேலை பாத்தவ. மாமனாருக்கு சளி, ஒரு கிளினிக்ல மஞ்சள் கலர்ல சின்ன மாத்திரை, குளோர்பெனிரமின், குடுத்தாங்க. சளிக்குன்னு குடுத்தது, மூனாம் நாள் சளி போயிருச்சு, ஆனா அத போட்டா மனுசன் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறாருன்னு நான் நிறுத்தல. ஒரு வாரம் ஓட்டினேன். எட்டாம் நாள் சாயங்காலம் அவருக்கு என்னையே அடையாளம் தெரியல, சுவத்துல பூச்சி ஊருதுன்றாரு, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியில டியூப் போட்டாங்க, ஒரு லிட்டருக்கு மேல மூத்திரம் எறங்குச்சு. மாமாவுக்கு புராஸ்டேட் வீக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியும், அந்த மாத்திரை மூத்திரத்த அடைக்கும்னும் தெரியும், வார்டுல இருந்தா நானே கண்டுபுடிச்சிருப்பேன். வீட்டுல எனக்குத் தூக்கம் வேண்டியிருந்துச்சு.

அந்த மாதிரி சளி மாத்திரை, சில இருமல் மருந்து, மூத்திரம் அடக்க முடியாததுக்கு குடுக்குற ஆக்சிபியூட்டினின், நரம்பு வலிக்கோ மனச்சோர்வுக்கோ குடுக்குற அமிட்ரிப்டிலின், இதெல்லாம் மூளையில அசிட்டைல்கோலின்னு ஒரு பொருளோட வேலையத் தடுக்கும். டொனெபெசில் மாதிரி ஞாபக மாத்திரை குடுக்குறதே அந்தப் பொருள கூட்டத்தான். காலைல ஒரு மாத்திரை ஏத்துது, ராத்திரி ஒரு மாத்திரை எறக்குது. மலச்சிக்கல், வாய் வறட்சி, குழப்பம் எல்லாம் வரும், அந்தக் குழப்பத்தால அவங்க இன்னும் நடப்பாங்க. தூக்க மாத்திரையும் வேணாம், வயசானவங்கள விழ வைக்கிறதுல அது மொத ஆளு.

அம்மா ஏன் ஒரு மணிக்கு எந்திரிக்கிறாங்கன்னு பாருங்க. ஒன்னுக்கு வந்து எந்திரிச்சு, போன வேலை மறந்து நடக்குறாங்களா? நீர் மாத்திரை சாயங்காலம் குடுக்குறீங்கன்னா காலைக்கு மாத்தலாமான்னு கேளுங்க. பாத்ரூம் லைட்ட எரியவிட்டு கதவத் தொறந்து வைங்க. முட்டி வலியா? படுக்கப் போறப்ப பாரசிட்டமால் போடலாமான்னு கேளுங்க. பகல்ல டே கேருக்கு போனாங்கன்னா ஒடம்பு களைக்கும், வெளிச்சம் படும், ராத்திரி தானா தூக்கம் வரும்.

இத்தனையும் பாத்தும் நடந்தாங்கன்னா, ராத்திரிக்கு மட்டும் அவங்கள விட்டுட்டு காலைல கூட்டிட்டு வர்ற மாதிரி சில நர்சிங் ஹோம்ல நைட் ரெஸ்பைட் இருக்கு, முதியோர் பராமரிப்புச் சேவைய ஏற்பாடு பண்ற ஏஐசி அமைப்பு மூலமா கேக்கணும், 1800 650 6060. பேசுறதுக்கு ஆள் வேணும்னா டிமென்ஷியா ஹெல்ப்லைன் 6377 0700. மொதல்ல ஏஐசிக்கு போடுங்க, வேலை எடத்துல மதிய சாப்பாட்டு நேரத்துல போட்டா போதும். மாத்திரைய இன்னிக்கு ராத்திரியோட நிறுத்திட்டு, அம்மாவோட அடுத்த அப்பாயின்ட்மென்ட் தள்ளி இருந்தா முன்னாடியே ஒன்னு வாங்குங்க, அவங்க ஒன்னுக்கு சரியா போறாங்களான்னு ரெண்டு நாள் கவனிங்க, அடைச்சா உடனே ஆஸ்பத்திரி. டாக்டர்கிட்ட போறப்ப அந்த சளி மாத்திரை அட்டையையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, எத்தன நாள் எத்தன குடுத்தீங்கன்னு அப்படியே சொல்லிடுங்க.